இரண்டு நாளுக்கொரு முறை கனலும் கருந்துளை

மார்கழி, தை மாத இரவுகளில், மழை விட்டிருக்கும் வேளையில், சுங்கை பெசார் வயல் வரப்பில் நின்று வானை நோக்குவார்க்குத் திருவாதிரை செந்நிறமாய்த் தோன்றும். அம்மீன் அமைந்த ஒரையன் மண்டலத்திலேயே நீல வெண்மையாய் ஒளிர்வது ரைகல். அதற்குச் சற்று மேற்கே, வெறுங்கண்ணுக்கு எட்டாத ஒரு விண்மீன் திரள், ஏறத்தாழ 21 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் நடுவிலுள்ள கருந்துளையின் சுற்றுப்புறம் 48 மணிக்கு ஒரு முறை எக்ஸ் கதிரில் கனன்று அடங்குவதை 2024-இல் வானூலார் அறிவித்தனர்.

கருந்துளை ஒளியையும் விழுங்கும் என்று வகுப்பில் சொல்லிவிட்டு இதனையும் சொன்னால், மாணவன் எதிர்த்துக் கேட்பான்; கேட்கவும் வேண்டும். குறை, ‘துளை’ என்னும் சொல்லில் இருக்கிறது. அது பொத்தலன்று, பெரும்பொருள் சிற்றிடத்தில் செறிந்த நிலை. ஒளி அதனுள்ளிருந்து வருவதன்று. உள்ளே விழுமுன் அதனை வட்டாகச் சுற்றும் வாயு, உராய்ந்து பல லட்சம் டிகிரி சூடேறி எக்ஸ் கதிரை வீசுகிறது.

அக்கதிரை நம் வளிமண்டலம் தடுத்துவிடுவதால், அதனைக் காணும் கருவிகள் மண்ணைவிட்டு மேலே செல்ல வேண்டியவையாயின. 1999-இல் ஏவப்பட்ட ‘சந்திரா’, சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 28-9-2015-இல் ஏவப்பட்ட இந்தியாவின் ‘அஸ்ட்ரோசாட்’, புறஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒருசேரப் பார்க்க வல்லது.

விரைந்து மாறும் ஒளியைக் கொண்டு, அது எழும் இடத்தின் அளவை எவ்வாறு அறிவது? முன்னாளில் தோட்டத்தில் பெரட்டு மணி அடிப்பார்கள். மணியோசை கேட்டதும் வீடுதோறும் விளக்கேற்றுவதாகக் கொள்வோம். ஓசை ஒரு கிலோமீட்டர் செல்லச் சுமார் 3 விநாடி ஆகும். ஆதலின் அவ்வளவு நீண்ட லயத்தில் விளக்குகள் எல்லாம் ஒரே விநாடியில் எரியமாட்டா. அப்படி எரியக் கண்டால், லயம் சிறியது என்க. வானில் ஓசைக்கு மாற்றாக ஒளியை வைத்துக்கொள்ளலாம். அதனினும் விரைந்து எச்செய்தியும் செல்லாது. ஒளி ஒரு மணியில் கடப்பது 108 கோடி கிலோமீட்டர். ஜி.எஸ்.என். 069 என்னும் திரளில், சுமார் 9 மணிக்கொரு முறை, ஒரு மணி நேரமளவே நீடிக்கும் எக்ஸ் கதிர் எழுச்சிகளை 2018-இன் இறுதியில் கண்டனர். அப்படியாயின் அவை எழும் இடம் வியாழன் ஞாயிற்றைச் சுற்றும் பாதைக்குள் அடங்கிவிடும்! ஒரு திரளின் அகலமோ பல்லாயிரம் ஒளியாண்டு.

இடம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. வட்டே நிலைகுலைந்து பொங்கி அடங்குகிறது என்றனர் சிலர். வேறொரு பொருள் வட்டினூடே பாய்கிறது என்றனர் வேறு சிலர்.

ரைகலுக்கு மேற்கே நாம் குறித்த திரளில் 2019-இல் ஒரு விண்மீன் கருந்துளையை நெருங்கிச் சிதைந்தது. ஏ.டி. 2019 கியூ.ஐ.இசட். என்பது அந்நிகழ்ச்சிக்கு இட்ட பெயர். சிதைந்த மீனின் வாயு வட்டாகப் பரவியது. 2023 டிசம்பரில் சந்திரா எடுத்த மூன்று காட்சிகளில் முதலும் கடையும் மங்கல். நடுவண் காட்சி மட்டும் ஒளி மிக்கது. பின்னர்ப் பிற விண்கலங்களுடன் அஸ்ட்ரோசாட்டும் 2024 மார்ச்சில் சில நாள் இடைவிடாது நோக்கியது. எக்ஸ் கதிர் ஏறி இறங்கிற்று. புறஊதா ஒளியோ அசையவில்லை. அவ்வொளி வட்டின் அகன்ற வெளிப்பகுதியிலிருந்து வருவது. எனவே வட்டு முழுதும் பொங்கவில்லை. அதன் அளவைக் கணக்கிட்டபோது, கருந்துளையை நெருங்கிச் சுற்றும் இன்னொரு மீனோ சிறு கருந்துளையோ அதனைக் கிழித்துச் செல்லும் அளவிற்கு அது விரிந்திருந்தது. ஒரு சுற்றில் இருமுறை கிழிக்குமெனின், சுற்றுக்காலம் நான்கு நாளளவாகும்.

இவ்விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. ‘ஆன்ஸ்கி’ என்று செல்லப் பெயரிட்ட மற்றொரு கருந்துளை 2019 டிசம்பரில் விழித்தது. 2024 பெப்ரவரி முதல் அதன் எக்ஸ் கதிர் எழுச்சிகள் தெரியவந்தன. இடைவெளி நாலரை நாள். அங்கே எந்த மீனும் சிதைந்ததாகத் தடயம் கிடைக்கவில்லை.