உரிமம் பெற்ற பின்னரே தொடங்கும் பயிற்சி

எட்டுப் போட்டுக் காட்டி ஓட்டுநர் உரிமம் பெற்ற சில வாரங்களிலேயே, நண்பரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஏற்காட்டுக்குப் புறப்படும் இளைஞர்கள் பலர். அவர்களுள் சிலரை எலும்பு முறிவுடன் எங்கள் பிரிவில் காண்கிறோம். சமதளத்தில் நடைபெறும் தேர்வு, வண்டியைக் கட்டுப்படுத்தத் தெரியுமா என்பதையே சோதிக்கிறது. எதிர்வரும் ஆபத்தை முன்னுணரும் திறனோ அனுபவத்தால் மட்டுமே வாய்ப்பது.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. புதியவருக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம். இறக்கம் முழுவதும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால், அது சூடேறித் தன் பிடிப்பை இழக்கும். எனவே ஏறும்போது பயன்படுத்திய தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் விடுவதோ இன்ஜினை நிறுத்துவதோ கூடாது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் வருவோர், இடையிடையே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி பிரேக்கை ஆறவிட வேண்டும். வளைவுகளில் முந்தக் கூடாது. குறுகலான இடத்தில் மேலேறும் வண்டிக்கே வழிவிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் பகலில் பழகிய சாலை, அடுத்து மழையும் இரவும், அதன்பின் நெடுஞ்சாலை, இறுதியில் மலைப்பாதை என்று படிப்படியாக அனுமதியுங்கள். மலைப்பாதையில் முதன்முறை செல்லும்போது அனுபவமுள்ள ஒருவர் உடன் இருக்கட்டும். தூக்கம் தரும் சளி மருந்து உட்கொண்ட நாளில் வண்டி ஓட்ட வேண்டாம். தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னிருப்பவருக்கும் கட்டாயம்.

விபத்து நேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். மேலும் ஆபத்து இல்லாதவிடத்து, காயமுற்றவரின் கழுத்தை அசைக்காமல் உதவிக்குக் காத்திருங்கள்.