பாலைவனத்தில் ஒரு மாலை

பழந்தமிழ் நூல்கள் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தன. அவற்றுள் பாலைக்கு மட்டும் தனக்கென ஓர் இடம் இல்லை. மழை மறைந்து, கோடையால் காய்ந்துபோன காடும் மலையுமே பாலை என்பது சிலப்பதிகாரத்தின் கருத்து. எனவே தமிழ்ப் புலவர் பாடிய பாலை வேறு. அரேபியாவில் அலையலையாகக் கிடக்கும் மணற்கடல் வேறு. முன்னது ஒரு மழையில் மீண்டும் பசுமை கொள்ளும். பின்னதற்கு அந்த நம்பிக்கை இல்லை.

ஆயினும் பாலைத்திணைக்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருள் இன்றும் பொருந்துகின்றது. அது பிரிவு. பொருள் தேடும் பொருட்டுத் தலைவன் வெஞ்சுரம் கடந்து செல்வான். தலைவி வீட்டிலிருந்து வழி பார்ப்பாள். மகளிருடன் கடல் கடத்தல் வழக்கமன்று என்று தொல்காப்பியமும் விதித்தது. பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களில் இவ்விதி தலைகீழாகிப் பல்லாண்டுகள் ஆயின. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு விமானம் ஏறுபவர்களுள் மனைவியரும் தாய்மாரும் பலர். வழி பார்த்து நிற்பவர்கள் கணவன்மாரும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமாருமே. வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென இலங்கை அரசு 1985இல் ஒரு பணியகத்தையே நிறுவ வேண்டியதாயிற்று.

அவ்வாறு சென்றவர்களிடமிருந்து வரும் படங்களுள் ஒன்று ஏறக்குறைய எல்லா லயங்களிலும் காணக்கிடைக்கும். செம்மணற்குன்றின் உச்சி, மறையும் சூரியன், ஒட்டகத்தின் மீது அமர்ந்து சிரிக்கும் ஓர் உருவம். டுபாய், சார்ஜா, அபுதாபி ஆகிய நகரங்களிலிருந்து பிற்பகலில் புறப்பட்டு இரவில் திரும்பும் குறுகிய பாலைவனச் சுற்றுலாவில் எடுக்கப்படும் படம் அது. அதைக் காணும் வீட்டார், அங்கு வாழ்வே அப்படித்தான் என்று எண்ணிவிடுகின்றனர். அந்த ஆறு மணி நேரத்தில் நிகழ்வது யாது, அந்த மணலும் விலங்கும் எத்தகையவை என்பதைத் தெரிந்துகொண்டால் படத்தைப் பார்க்கும் பார்வையும் சற்றுத் தெளியும்.

பாலைவனம் எப்படித் தோன்றியது என்பதை ஊவா மாகாணத்தவர்க்கு விளக்குதல் எளிது. ஆடி, ஆவணி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்க, பதுளைப் பக்கம் வெயில் காய்வதை யாவரும் அறிவர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையைப் பொழிந்துவிடுகின்றது. மலையைக் கடந்து ஊவாவினுள் இறங்கும்போது அதில் ஈரம் இல்லை. மேலும், இறங்கும் காற்று நூறு மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு பாகை செல்சியஸ் வீதம் சூடேறும். அந்த உலர்காற்றே தேயிலைச் செடியின் தளிரை ஒடுக்கி, ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் தந்த மணத்தை உண்டாக்குகின்றது.

இதே நிகழ்ச்சி உலகளாவிய அளவில் ஆண்டு முழுவதும் நடைபெறுமாயின் பாலைவனம் தோன்றும். நிலநடுக்கோட்டருகே மேலெழும் காற்று அங்கேயே மழையைப் பொழிந்துவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ முப்பதாம் பாகைக்கு அருகே கீழே இறங்குகின்றது. இறங்கும் காற்றில் மேகம் திரளாது. பதுளை வட அகலாங்கு ஏழு பாகையில் உள்ளது; டுபாயோ இருபத்தைந்தில். ஊவாவில் இரண்டு மூன்று மாதம் வீசும் வறட்சி அங்கே நிரந்தரக் குடியாகிவிட்டது. ஆண்டு முழுதும் பெய்யும் மழை சாதாரணமாக 100 மில்லிமீற்றர் அளவே. மழை பெய்யவே பெய்யாது என்றும் சொல்லிவிட முடியாது. 2024 ஏப்பிரல் 16ஆந் திகதி ஐக்கிய அரபு இராச்சியத்தில் அல் ஐன் பகுதியில் ஓர் இடத்தில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 254 மில்லிமீற்றர் மழை பெய்து, டுபாய் விமான நிலைய ஓடுபாதையும் நீரில் மூழ்கியது.

அந்நாட்டின் தெற்கெல்லையில் தொடங்கிச் சவூதி அரேபியா, ஓமான், யேமன் வரை பரந்துள்ள மணற்பரப்புக்கு ‘ருப் அல் காலி’, அதாவது வெற்றுக் காற்பங்கு, என்று பெயர். பரப்பு ஏறக்குறைய 6,50,000 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவைப் போலப் பத்து மடங்கு! சுற்றுலாப் பயணிகள் காண்பது இதன் விளிம்பைக்கூட அன்று. நகரிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் உள்ள லஹ்பாப் போன்ற செம்மணற் பகுதிகளையே. மணலின் செந்நிறம் அதன்மேற் படிந்த இரும்புத் துருவால் வந்தது. பதுளை ஓயாவின் மணலை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால் மணிகள் கோணல்மாணலாக இருக்கும். பாலைவன மணியோ பன்னெடுங்காலம் காற்றில் உருண்டு மோதி மழமழப்பானது. ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாத காரணத்தால் கட்டடக் கலவைக்கு அது அவ்வளவாக உதவாது. மணலின் நடுவே இருந்துகொண்டு கட்டடத்துக்கு வேறு மணல் தேட வேண்டிய நிலை வியப்புக்குரியதே.

மணற்குன்று நின்ற இடத்தில் நிற்பதில்லை. காற்று மணிகளைத் தூக்கி எறிகின்றது. அவை விழுந்து தெறித்து மற்ற மணிகளையும் எழுப்புகின்றன. இப்படித் தத்தித் தத்திக் காற்று வரும் பக்கத்து மென்சரிவில் ஏறிய மணல், உச்சியைக் கடந்ததும் மறுபுறம் சரிந்து விழுகின்றது. அந்த மறுபுறச் சரிவு எப்போதும் 30 முதல் 34 பாகை வரை சாய்ந்தே நிற்கும். அதற்கு மேல் உலர்மணல் தாங்காது. எந்தச் சரிவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஊவா மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மழைநீர் ஊறிய மலை சரிந்து லயங்களை மூடிய கொடுமை இன்னும் மறக்கப்படவில்லை. மணலில் அச்சரிவு அன்றாட நிகழ்ச்சி. குன்று நகர்வதே அதனாற்றான். இவற்றையெல்லாம் அளந்து கணித்தவர் றால்ஃப் பாக்னோல்ட் என்னும் பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர். 1941இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் இத்துறைக்கு அடிப்படையாக உள்ளது. மோட்டார் வண்டியின் டயரில் காற்றைக் குறைத்தால் மணலில் ஓட்டலாம் என்பதை எகிப்தியப் பாலைவனத்தில் நடைமுறையிற் காட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

சுற்றுலாவின் முதற் சடங்கும் அதுவே. தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். சாரதிகள் இறங்கி, சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் அளவில் இருந்த காற்றழுத்தத்தை 15 இறாத்தல் அளவுக்குக் குறைப்பர். டயர் தட்டையாகி நீண்ட தடம் பதிக்கும். பாரம் பரவுவதால் சக்கரம் புதையாது. ஒட்டகத்தின் அகன்ற பாதத்துக்கு இயற்கை செய்துகொடுத்த உபகாரத்தையே மனிதன் இங்கே டயருக்குச் செய்கின்றான்.

பின்னர் தொடங்கும் ஓட்டம் அரை மணி நேரம் நீடிக்கும். அப்புத்தளை வளைவுகளில் லொறி ஓட்டிப் பழகியவனுக்கு இந்த ஓட்டம் முற்றிலும் புதியது. மலைச்சாலையில் நிதானம் காப்பாற்றும். மணலேற்றத்தில் பாதியில் நின்றால் சக்கரம் தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். ஆகவே வேகத்தைத் திரட்டிக்கொண்டே ஏற வேண்டும். ஆனால் உச்சியை எட்டும்போது வேகம் தணிய வேண்டும். ஏனெனில் மறுபுறம் சரிவா, பள்ளமா, நின்றுபோன வேறொரு வண்டியா என்பது இப்புறத்திலிருந்து தெரியாது. சரிவில் நேராக ஏற வேண்டும். நேராக இறங்க வேண்டும். குறுக்கே ஓட்டினால் வண்டி உருண்டுவிடும். இறக்கத்தில் திடீரெனத் தடை போடுவதும் ஆபத்தே. இக்காரணங்களால் வண்டிக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு பொருத்தப்பட்டிருக்கும். வண்டிகள் தனித்துச் செல்லாமல் கூட்டமாகவே செல்லும்.

பயணிகள் செய்யத்தக்கவை சிலவே. இருக்கைப் பட்டியை இறுகக் கட்டிக்கொள்ளுதல், மதிய உணவை அளவோடு நிறுத்துதல், குமட்டல் வந்தால் வெட்கப்படாமல் வண்டியை நிறுத்தச் சொல்லுதல். கருவுற்ற பெண்களும், இருதய நோயாளரும், முதுகெலும்பில் வலி உள்ளவர்களும் இந்த ஓட்டத்தைத் தவிர்த்து நேரே கூடாரத்துக்குச் செல்வதே முறை. கூடை சுமந்து முதுகு தேய்ந்தவர்கள் இதை வேடிக்கையாக எண்ணலாகாது.

நிற்க, ஒட்டகத்துக்கு வருவோம். தமிழருக்கு இவ்விலங்கு புதியதன்று. தொல்காப்பிய மரபியல் இதன் பெயரை எடுத்தாள்கின்றது. சிறுபாணாற்றுப்படை கடற்கரையில் ஒதுங்கிய அகில் மரத்தை உறங்கும் ஒட்டகத்துக்கு ஒப்பிடுகின்றது. அகநானூற்றுப் பாட்டொன்றில் பாலைவழியில் உலர்ந்த எலும்பை ஒட்டகம் தின்று பசியாறும் காட்சி வருகின்றது. இது கற்பனை என்று கருதுவோர் உண்டு. உண்மையில், தீவனத்தில் பொசுபரசு குறையும்போது ஒட்டகம் எலும்பைக் கடித்து மெல்லும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் கண்டுள்ளனர். புலவர் கண்டோ கேட்டோ பாடியிருக்க வேண்டும்.

ஒட்டகத்தின் திமிலில் நீர் இருப்பதாகப் பள்ளிப் பிள்ளைகள் பலர் இன்றும் எழுதுகின்றனர். திமிலில் இருப்பது கொழுப்பு. நீர்ச் சிக்கனம் வேறு வழிகளில் நடைபெறுகின்றது. மனிதனுடைய உடல் இரண்டு பாகை சூடேறினாலே காய்ச்சல் என்கின்றோம். நீரற்ற ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியலில் 34 பாகைக்கு இறங்கி, பிற்பகலில் 40 பாகைக்கு மேல் ஏறும். வெப்பத்தைப் பகலில் சேர்த்து வைத்து, இரவின் குளிரில் விட்டுவிடுவதால் வியர்த்து நீரை இழக்க வேண்டிய தேவை குறைகின்றது. இதை 1950களில் சகாராவில் ஆராய்ந்து நிறுவியவர் க்னூட் சிமித்-நீல்சன். உடல் எடையில் காற்பங்கு நீர் குறைந்தும் ஒட்டகம் நடக்கும். மனிதன் அதில் பாதி இழப்பதற்குள் மடிந்துவிடுவான். தண்ணீரைக் கண்டுவிட்டாலோ, ஏறக்குறைய 100 லீற்றரைக் கால்மணி நேரத்துக்குள் குடித்துவிடும்.

ஏறி அமர்பவர் அறிய வேண்டியது ஒன்றே. ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் நிமிர்த்தும். அமர்ந்திருப்பவர் முன்னே கவிழப் பார்ப்பார். இறங்கும்போது முன்னங்கால்களை முதலில் மடிக்கும். அப்போதும் முன்னேதான் சாய்வார். இரு வேளையிலும் பின்புறம் சாய்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்துக் கால் இரண்டையும் ஒருசேர எடுத்து வைக்கும் நடையால் தோணியில் அமர்ந்தாற்போல உடல் ஆடும். சுற்றுலாவில் இச்சவாரி ஐந்து நிமிடமே.

இவ்விலங்கின் பேரால் ஒரு கொடுமையும் நிகழ்ந்ததுண்டு. வளைகுடா நாடுகளின் ஒட்டகப் பந்தயங்களில், எடை குறைவு என்பதற்காகப் பாகிஸ்தான், பங்களாதேஷ், சூடான் முதலிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்கள் சவாரிக்கு அமர்த்தப்பட்டனர். ஐக்கிய அரபு இராச்சியம் 2005இல் பதினெட்டு வயதுக்குட்பட்டோரைப் பயன்படுத்துவதைச் சட்டத்தால் தடுத்தது. ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் துணையுடன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் தாய்நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இப்போது ஒட்டகத்தின் முதுகில் சிறிய இயந்திரப் பொம்மை அமர்ந்து சவுக்கைச் சுழற்றுகின்றது.

சூரியன் மறைந்தபின் கூடாரம். விரிப்பு, பேரீச்சம்பழம், ஏலம் இட்ட அரபுக் காப்பி, மருதாணி, சுட்ட இறைச்சி எல்லாம் உண்டு. நடுமேடையில் இடையசைத்து ஆடும் நடனமும், பல நிறப் பாவாடை சுழல ஆடும் தனூரா நடனமும் நிகழும். இவற்றைப் பாலைவன மக்களின் மரபு என்று பயணிகள் நம்புகின்றனர். இரண்டும் எகிப்திலிருந்து வந்தவை. ஒட்டகம் மேய்த்துக் கூடாரம் பெயர்த்த பெதுயின் மக்களின் பிள்ளைகளோ இன்று நகரங்களில் வாழ்கின்றனர். கூடாரத்துக்கு வெளியே நிற்கும் காப் மரம் மட்டும் உண்மையான பழங்குடி. அது ஐக்கிய அரபு இராச்சியத்தின் தேசிய மரம். நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரமும் அதுவே. வண்டிகள் மிதித்த மணலில் செடி முளைப்பது அரிது. அதனாலேயே டுபாய் அரசு 2003இல் 225 சதுர கிலோமீற்றர் நிலத்தைப் பாலைவனக் காப்பகமாக ஒதுக்கி, அங்கே வண்டி ஓட்டத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது.

ஒக்டோபர் முதல் ஏப்பிரல் வரையே இச்சுற்றுலாவுக்கு உகந்த காலம். கோடையில் வெயில் 45 பாகையைத் தொடும். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, நண்பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை, திறந்த வெளியில் தொழிலாளரை வேலை வாங்குவதை அந்நாட்டு அரசே தடை செய்துள்ளது.

இச்சுற்றுலாவுக்குப் போகும் பணிப்பெண் ஒருத்திக்குப் பணத்தைவிட முதலில் வேண்டியது ஓய்வு நாள். வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் ஊதியத்துடன் ஓய்வு தரப்பட வேண்டும் என்றும், அடையாளப் பத்திரங்கள் அவர்கள் வசமே இருக்க வேண்டும் என்றும் 2017இல் அந்நாடு சட்டம் இயற்றியது. 2022இல் வந்த புதிய சட்டமும் இவ்வுரிமைகளை நிலைநாட்டியுள்ளது. பதுளையில் படத்தைப் பெறும் வீட்டார் ஒட்டகத்தைப் பற்றி விசாரிப்பதோடு நில்லாமல், அந்த ஓய்வு நாள் வாரந்தோறும் கிடைக்கின்றதா, கடவுச்சீட்டு யார் கையில் உள்ளது என்பதையும் கேட்டறிதல் நன்று. படம் வராத பெண்களின் வீட்டாரோ இதை இன்னும் முன்னதாகக் கேட்க வேண்டியவர்கள்.

இரவு எட்டு மணிக்குமேல் வண்டிகள் மீண்டும் தார்ச்சாலையை அடையும். அங்கே காற்றடிக்கும் கடைகளில் டயர்களுக்குப் பழைய அழுத்தம் ஏற்றப்படும். அதன்பின் ஒரு மணி நேரத்தில் நகரம் வந்துவிடும்.