பெலெனென்செஸ் கழகம்

கழகமென்பது யாது? பங்குப் பத்திரமா, ஊராரின் பற்றா? லிஸ்பன் நகரம் இதற்கு விடை கூறுகிறது.

வாஸ்கோ ட காமா 1497-இல் கப்பலேறிய பெலேம் பகுதியில், 1919-இல் தோன்றியது பெலெனென்செஸ் கால்பந்தாட்டக் கழகம். 1946-இல் போர்த்துகல் நாட்டின் வாகையையும் சூடியது. பணமுடையால் 2012-இல், தன் தொழில்முறை அணியை நடத்திய நிறுவனத்தின் பெரும்பங்கை விற்றது. பிணக்கு முற்றவே, 2018-இல் அந்நிறுவனம் முதற்பிரிவு அணியுடன் வேறு மைதானத்திற்கு விலகிற்று. பெயரும் சின்னமும் நீதிமன்றத் தீர்ப்பால் கழகத்திற்கே உரியவாயின.

உறுப்பினர் சோர்ந்தாரல்லர், ஆறாம் படியில் புதிய அணியொன்றை இறக்கினர். பகலில் பிற தொழில் புரிந்து, மாலையில் பந்து பயில்வோர் மிகுந்த படி அது. ஆண்டுதோறும் ஏறி, 2023-இல் இரண்டாம் பிரிவை எட்டினர்; மறு ஆண்டே மூன்றாம் பிரிவுக்கு இறங்கினர். விலகிய அணியோ 2022-இல் முதற்பிரிவையும் 2023-இல் இரண்டாம் பிரிவையும் இழந்தது.

குடிமைப் பயிற்சி கற்பித்த நான் நேயர்களுக்குக் கூறுவது இதுவே: ஆட்டக்காரரை விலைக்குப் பெறலாம், ஊராரின் பற்றைப் பெறவியலாது.