வளர்த்தது ஊர், எடுத்தது கொழும்பு

2024 மே 8ஆம் திகதி இரவு ஹைதராபாத்தில் சன்றைசர்ஸ் அணியின் சீருடையில் ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியன் பந்துவீச ஓடிவந்தார். காயம் காரணமாக விலகிய வனிந்து ஹசரங்கவின் இடத்துக்கு 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுக்கப்பட்ட விஜயகாந்த் வியாஸ்காந்த். யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர், சுழற்பந்து வீச்சாளர். 2020 டிசம்பரில் லங்கா பிறீமியர் லீக்கில் ஜஃப்னா ஸ்ராலியன்ஸ் அணிக்காக முதன்முதல் களமிறங்கியபோது அவருக்கு இன்னும் 19 வயது நிறையவில்லை. பிறகு பங்களாதேஷ், ஐக்கிய அரபு அமீரகம், கடைசியில் ஐபிஎல்.

பெருமைப்பட வேண்டிய கதைதான். ஆனால் கணக்குப் பார்க்கிறவர் ஒருவர் இருந்தால் இன்னொன்றையும் கேட்பார். அந்த 50 இலட்சத்தில், அவருக்குப் பந்து பிடிக்கப் பழக்கிய பாடசாலைக்கு ஒரு சதமாவது சேர வேண்டும் என்று துடுப்பாட்டத்தில் எந்த விதியும் இல்லை. வலைப் பயிற்சிக்கு நின்ற ஆசிரியருக்கும் இல்லை, விளையாட இடம் கொடுத்த கழகத்துக்கும் இல்லை.

வியாஸ்காந்த் விதிவிலக்கு. ஐபிஎல் வரை போனவரை விரல்விட்டு எண்ணலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் மற்ற ஆட்டக்காரருக்கு ஏலமும் இல்லை, ஒப்பந்தத் தொகையும் இல்லை. அவர்களுக்குக் கிடைக்கும் விலை வேறு வடிவத்தில் வருகிறது: ஒரு வேலை, ஒரு விடுதி அனுமதி, சில வேளை ஒரு விசா.

வேலையிலிருந்தே தொடங்கலாம். புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 208 சென்ரிமீற்றர், கிட்டத்தட்ட 6 அடி 10 அங்குலம். வலைப்பந்தாட்ட வளையம் 10 அடி உயரத்தில் இருக்கிறது. கையைத் தூக்கினால் பந்துக்கும் வளையத்துக்கும் இடையே அதிக தூரமில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பின்னர் இலங்கை அணியின் கோல் போடும் இயந்திரமானார். 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணிகளில் அவர் இருந்தார். மெல்பேர்ணில் சிற்றி வெஸ்ற் ஃபால்கன்ஸ் கழகத்துக்காகவும் ஆடினார். ஆனால் இலங்கைக்குள் அவர் அதிகம் ஆடியது செலான் வங்கியின் சீருடையில்.

இது தற்செயல் இல்லை. இலங்கையில் வலைப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம் ஆகியவற்றில் பெயர் எடுத்தவர் பலரைச் சோறு போட்டு வைத்திருப்பவை வர்த்தக நிறுவனங்களின் அணிகள். வங்கி, காப்புறுதி நிறுவனம், ஆடைத் தொழிற்சாலை ஆகியவை தமக்குள் சுற்றுப்போட்டி நடத்துகின்றன. வெல்ல வேண்டும் என்றால் நல்ல ஆட்டக்காரர் வேண்டும். நல்ல ஆட்டக்காரருக்கு நியமனக் கடிதம் போகிறது. வேலை என்றால் மாதச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, வீட்டுக்கு அனுப்ப ஏதோ கொஞ்சம். க.பொ.த. உயர்தரம் முடித்த ஒரு பிள்ளையின் தாய்தகப்பனுக்கு இதைவிடப் பெரிய விலையை எந்தக் கழகமும் சொல்ல முடியாது. தலைமை அலுவலகமும் பயிற்சித் திடலும் கொழும்பில் இருப்பதால் அந்தப் பிள்ளையும் கொழும்புக்குப் போகிறது.

வங்கியை விடப் பெரிய முதலாளி ஒன்று உண்டு: முப்படை. தேசிய மெய்வல்லுநர் போட்டி எதையும் பார்த்தால் இராணுவம், கடற்படை, விமானப்படை என்ற பெயர்களே முன்வரிசையில் நிற்கும். பெண்கள் உதைபந்தாட்டத்திலும் அதுதான் நிலைமை. ஓடத் தெரிந்த, பாயத் தெரிந்த ஒரு தென்னிலங்கைக் கிராமத்துப் பிள்ளைக்குப் படையில் சேர்வது இயல்பான அடுத்த படி. யாழ்ப்பாணத்து வீட்டில் அது அப்படி இயல்பானதாக இல்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள், காணி விடுவிப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள், காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடும் குடும்பங்கள் இருக்கிற ஊர் இது. அதே சீருடையில் பிள்ளை பதக்கம் வாங்குவதை எல்லா வீடும் ஏற்காது. ஆக, நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு வேலைவாய்ப்பின் கதவு குடாநாட்டுப் பிள்ளைக்கு அரைவாசிதான் திறந்திருக்கிறது.

தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் உதைபந்தாட்டத்தில் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் பல தடவை கிண்ணம் எடுத்த கல்லூரி. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்த அனித்தா ஜெகதீஸ்வரனும் இந்தக் கல்லூரியின் மாணவிதான். வசதி நிறைந்த பாடசாலையிலிருந்து வந்த சாதனைகள் இல்லை இவை. போரில் பாதிக்கப்பட்ட ஒரு வளாகத்தில், ஒரு பயிற்றுநரின் பிடிவாதத்தில், விடிகாலையிலும் பாடசாலை விட்ட பின்னும் செய்த பயிற்சியில் வந்தவை. கேள்வி உயர்தரப் பரீட்சைக்கு அடுத்த நாள் தொடங்குகிறது. பத்தொன்பது வயதில் ஒரு நடுக்கள வீராங்கனை எங்கே ஆடுவது? ஊரிலே ஆண்களுக்கு ஒழுங்கைக்கு ஒரு கழகம் இருக்கிறது. பெண்களுக்குச் சம்பளத்தோடு ஆடக்கூடிய இடம் என்றால் படை அணிதான். அதற்கு மனமில்லாதவள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கணினி வகுப்புக்குப் போகிறாள்.

ஆண்கள் பக்கம் கதை கொஞ்சம் வேறு. நாவாந்துறை சென்மேரிஸ், பாஷையூர் சென்அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன், ஊரெழு றோயல் என்று ஊரின் பெயரும் கழகத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டே வரும். கரையோரக் கழகங்களில் இரவு தொழிலுக்குப் போய் விடிய வலை தெரிந்துவிட்டு, பின்னேரம் நாலரைக்கு மைதானத்துக்கு வருகிற பின்கள வீரர் உண்டு. இறுதிப் போட்டி நாளில் கடலுக்குப் போகாமல் நிற்பதுதான் அவர் கழகத்துக்குக் கொடுக்கும் சந்தா. அந்த ஒரு நாள் உழைப்பை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. 2021இல் தொடங்கிய இலங்கை சுப்பர் லீக்கில் 10 கழகங்கள் இருந்தன. வடக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. சம்பளத்துக்கு ஆட விரும்பும் வடக்கு வீரர் கொழும்புக் கழகம் ஒன்றில் சேர வேண்டும், அல்லது மாலைதீவுக்குப் போக வேண்டும். மன்னாரைச் சேர்ந்த தேசிய அணி வீரர் டக்சன் பியூஸ்லஸ் அப்படித்தான் மாலைதீவுக் கழகங்களுக்கு ஆடப்போனார். 2022 பெப்ரவரியில் அங்கேயே காலமானார்.

பாடசாலைகளுக்கு இடையிலும் இதே இழுப்பு நடக்கிறது. கிராமப் பாடசாலையில் கண்ணில் படும் பிள்ளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலோடு அல்லது சாதாரண தரத்தோடு பட்டினத்துக் கல்லூரிக்குப் போகிறது. பட்டினத்துக் கல்லூரியில் கண்ணில் படும் பிள்ளையைக் கொழும்புக் கல்லூரி கூப்பிடுகிறது. உயர்தரத்துக்குப் பாடசாலை மாறுவது இலங்கையில் வழமையான விஷயம். அதனால் யாரும் அதை வீரர் மாற்றம் என்று பதிவதில்லை. விடுதி, நல்ல மைதானம், தேர்வாளர் கண்ணில் படும் வாய்ப்பு எல்லாம் சேர்ந்து வரும்போது எந்தப் பெற்றோரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் கீழ்மட்டப் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர் ஒவ்வொரு தைமாதமும் புதிதாக அணி கட்ட வேண்டியிருக்கிறது.

இதே சிக்கல் பெரும் பணத்தோடு நடந்தால் எப்படி இருக்கும் என்பதை அமெரிக்கா காட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் ஒரு பெருந்தொழில். நெடுங்காலம் ஆட்டக்காரருக்குப் புலமைப்பரிசில் மட்டுமே. 2018இல் கல்லூரி மாற விரும்பும் வீரர் பெயர் பதியும் இணையவழி முறை வந்தது. 2021 யூலையிலிருந்து வீரர் தம் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்றானது. 2025 யூன் 6ஆம் திகதி நீதிமன்றம் ஏற்ற இணக்கப்பாட்டின்படி, கல்லூரிகளே வீரருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு 2 கோடியே 5 இலட்சம் டொலர்.

நல்லதுதான், உழைத்தவனுக்குக் கூலி கிடைக்கிறது. கூலி கொடுக்க முடியாத கல்லூரிக்கு என்ன நடந்தது? இந்தியானா ஸ்ரேற் என்ற நடுத்தரக் கல்லூரி 2024இல் 32 ஆட்டங்களை வென்று, தேசிய அழைப்புச் சுற்றுப்போட்டியின் இறுதிவரை போனது. அந்தப் பருவம் முடிந்த கையோடு பயிற்றுநர் செயின்ற் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மூக்குக் கண்ணாடியோடு ஆடி நாடு முழுக்கப் பிரபலமான மையநிலை வீரர் றொபி அவிலாவும் பின்னாலேயே போனார். பென்சில்வேனியாவின் செயின்ற் பிரான்சிஸ் பல்கலைக்கழகத்தின் முடிவு இன்னும் கடுமையானது. 2025 மார்ச்சில் அதன் அணி தேசியச் சுற்றுப்போட்டிக்குத் தகுதிபெற்று, முதல் ஆட்டத்தில் அலபாமா ஸ்ரேற்றிடம் 70க்கு 68 என்று தோற்றது. ஒரு வாரம்தான். தாங்கள் முதல் பிரிவிலிருந்து விலகி, விளையாட்டுப் புலமைப்பரிசிலே இல்லாத மூன்றாம் பிரிவுக்கு இறங்குவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. வீரருக்குப் பணம் கொடுப்பது, கட்டில்லாத இடமாற்றம் இரண்டையும் அது காரணமாகச் சொன்னது.

அந்தக் கூடைப்பந்தாட்டத்துக்கும் ஈழத்துத் தமிழருக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியைக் கூடைப்பந்தாட்டத்தில் நாடறியச் செய்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஒர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள். நகரத்தின் வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரில் இருக்கிறது. அங்கேயும் கதை இதுதான். மட்டக்களப்பில் வளர்ந்த உயரமான பையன் உழைக்கும் வயதில் கொழும்பு அணியில் ஆடுவான்.

அமெரிக்காவில் கல்லூரிகளே நேரடியாகக் கொடுக்கத் தொடங்கும் முன்பு வீரருக்குப் போன பணத்தில் பெரும்பங்கு பழைய மாணவரும் அணியின் செல்வந்த அபிமானிகளும் சேர்ந்து திரட்டியது. யாழ்ப்பாணக் கல்லூரிகளுக்கும் பழைய மாணவர் பலம் குறைவில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கிளைச் சங்கங்கள், ஆண்டுதோறும் இராப்போசன விருந்து, திரட்டிய நிதி. அந்த நிதி எங்கே போகிறது என்று பார்த்தால் கூடைப்பந்தாட்டத் திடல், பார்வையாளர் அரங்கு, மின்னொளி, பெயர் பொறித்த கல். கிராமக் கழகங்களுக்கும் சுவிஸ் அண்ணா ஒருவரும் கனடா மாமா ஒருவரும் சீருடையும் வெற்றிக் கிண்ணமும் அனுப்புகிறார்கள். கல்லுக்கும் கிண்ணத்துக்கும் கிடைக்கிற பணம், இருபது வயது ஆட்டக்காரர் ஊரிலேயே நின்று ஆடுவதற்கு ஒரு சம்பளமாக வருவது அரிது. பயிற்றுநரின் மாதக் கொடுப்பனவும் பெரும்பாலும் கடைசியாகத்தான் நினைவுக்கு வரும்.

இழப்பை ஈடுசெய்ய உலகம் வழி கண்டுபிடிக்காமல் இல்லை. உதைபந்தாட்டத்தில் பீஃபாவின் விதிப்படி, ஒரு வீரர் பணத்துக்கு நாடு விட்டு நாடு கழகம் மாறும்போது அந்தத் தொகையில் 5 வீதம், 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவரைப் பயிற்றிய கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். முதல் தொழில்முறை ஒப்பந்தத்தின்போது பயிற்சி இழப்பீடும் உண்டு. பணமே கைமாறாத உள்ளூர் மாற்றங்களுக்கு இது உதவாது. ஆனாலும் வளர்த்தவருக்குப் பங்கு உண்டு என்ற கொள்கையையாவது அந்த விதி ஒப்புக்கொள்கிறது. வங்கியும் படையும் ஒரு பாடசாலையிலிருந்து ஆளை எடுக்கும்போது, அந்தப் பாடசாலைக்குப் பத்துப் பந்தும் ஒரு பயிற்றுநரின் ஆண்டுச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று விளையாட்டு அமைச்சு சொன்னால் எந்த வங்கியும் முறிந்துபோகாது.

தமிழ்நாடு வேறு வழியில் போயிருக்கிறது. அங்கே அரசு வேலைகளில் 3 வீதம் விளையாட்டு வீரருக்கு ஒதுக்கப்படுகிறது. அதற்கு முன்பிருந்தே ரயில்வேயும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் சென்னையிலேயே அணி வைத்து ஆள் எடுக்கின்றன. கல்லூரிகள் கட்டணமின்றி இடமும் விடுதியும் கொடுக்கின்றன. அங்கும் தென்மாவட்டப் பிள்ளை சென்னைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் சொந்த மொழியில், சொந்த மாநிலத்துக்குள், இரவு ரயிலில் வீடு வந்து சேரக்கூடிய தூரத்தில் ஆடலாம்.

குடாநாட்டில் கட்டிடங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கின்றன. இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கு 2016 யூனில் திறக்கப்பட்டது. 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கான வேலையை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கி வைத்தார். லங்கா பிறீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரில் ஆடும் அணி 2020, 2021, 2022, 2024 என நான்கு தடவை கிண்ணம் எடுத்திருக்கிறது. அந்த ஆட்டங்களில் ஒன்றுகூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. மண்டைதீவு மைதானம் எழுந்தால் அந்தக் குறை தீரலாம்.

தீராத குறை ஒன்று மிச்சமிருக்கும். புல்தரை பராமரிப்பவர், பயிற்றுநர், உடற்பயிற்சி வழிகாட்டி, புள்ளிக் கணக்கர் என்று அந்த மைதானம் எத்தனை பேரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளப்போகிறது, அவர்களில் எத்தனை பேர் முன்னாள் பாடசாலை ஆட்டக்காரராக இருப்பார்கள் என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மாகாண சபையும் யாழ். பல்கலைக்கழகமும் உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கங்களும் ஆளுக்கு ஒரு வலைப்பந்து அணி, ஒரு பெண்கள் உதைபந்து அணி வைத்து, அணிக்கு ஐந்து பேருக்காவது வேலை கொடுத்தால், அடுத்த ஆண்டு உயர்தரம் எழுதும் மகாஜனக் கல்லூரி நடுக்கள வீராங்கனைக்குத் தெல்லிப்பழையை விட்டுப் போகாமலே ஆட ஓர் இடம் கிடைக்கும்.