கண் சாலையில், வழி செவியில்

மருத்துவமனைப் படுக்கையில் ஒருவர் இருக்கும் நாள்களில், அவர் குடும்பத்தில் இன்னொருவர் ஓயாமல் சாலையில் இருப்பார். காலையில் கஞ்சி, நண்பகலில் பரிசோதனை அறிக்கை, மாலையில் மாற்றுடை, இரவில் வெளியிலிருந்து வாங்கிவர வேண்டிய மருந்து என்று அவருடைய பயணம் முடிவதில்லை. திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் இப்பயணங்களில் பல இருசக்கர வாகனத்திலேயே நிகழ்கின்றன. துறையூரிலிருந்தோ முசிறியிலிருந்தோ வந்து தங்கியிருப்பவருக்கு நகரத் தெருக்கள் புதியவை. ஆகவே கைபேசியின் வரைபடமே அவருக்கு வழித்துணை.

அந்தத் துணை நல்லதே. ஆனால் அதை நாடுபவர் இரவெல்லாம் கண்விழித்தவர், கவலை நிறைந்தவர், விரைந்து திரும்ப வேண்டும் என்ற தவிப்பில் இருப்பவர். இந்நிலையில் வண்டியை ஓட்டியபடியே திரையை நோக்கினால், ஒரு நோயாளி இருக்கும் வீட்டில் இரண்டாவது நோயாளி உருவாகும் அபாயம் உண்டு. இதைத் தவிர்க்க வரைபடத்தைக் கைவிட வேண்டியதில்லை. எப்போது பார்ப்பது, எப்போது கேட்பது என்று அறிந்துகொண்டால் போதும்.

ஒரு நொடிக்கு 11 மீட்டர்

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. அடுத்த திருப்பம் எது என்று மூன்று நொடிகள் திரையை நோக்கினால், 33 மீட்டர் தொலைவைக் காணாமலே கடந்துவிடுகிறோம். அதற்குள் ஒரு குழந்தை சாலையைக் கடக்கலாம். நின்ற பேருந்தின் முன்னாலிருந்து ஒருவர் வெளிப்படலாம். நான்கு சக்கர வாகனத்தில் சிறு மோதலோடு முடியும் கவனக்குறைவு, இரு சக்கரத்தில் எலும்பு முறிவாகவும் தலைக்காயமாகவும் முடிகிறது.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 184-ஆம் பிரிவு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், வண்டி ஓட்டுகையில் கைபேசியைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டும் குற்றமாகக் கருதுகிறது. முதல் முறை பிடிபட்டால் 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்டு 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், வழியறிவதற்கு மட்டும் கருவியைப் பயன்படுத்த இடமளிக்கிறது. ஆயினும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வண்டியில் பொருத்தப்பட்ட கைபேசி வழி சொல்லலாம். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வண்டியைச் செலுத்தலாகாது.

நம் ஊரின் தெருக்கள்

திருச்சியில் வழி தவறுவதற்கான காரணம் பெரும்பாலும் பெயர்களிலேயே இருக்கிறது. திருவரங்கத்தின் உத்தர வீதியும் சித்திரை வீதியும் கோயிலைச் சுற்றி நாற்புறமும் செல்பவை. கீழச் சித்திரை வீதி, மேலச் சித்திரை வீதி, வடக்குச் சித்திரை வீதி, தெற்குச் சித்திரை வீதி என நான்கும் உண்டு. திசையைக் குறிப்பிடாமல் தேடினால் வரைபடம் கோயிலின் மறுபுறத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் நிறைந்த தில்லைநகரிலும் இதே நிலைதான். அங்குக் குறுக்குத் தெருக்கள் எண்ணால் அறியப்படுகின்றன. கிழக்கு, மேற்கு என்ற பிரிவும் உண்டு. எண்ணையும் திசையையும் சேர்த்தே தேட வேண்டும்.

'பேருந்து நிலையம்' என்று மட்டும் தேடுவதும் ஏமாற்றும். சத்திரம் பேருந்து நிலையம் காவிரிக்கு அருகில் உள்ளது. மத்தியப் பேருந்து நிலையம் கண்டோன்மெண்ட் பகுதியில் உள்ளது. 2025 ஜூலையில் செயல்படத் தொடங்கிய பஞ்சப்பூர் முனையமோ மதுரைச் சாலையில் உள்ளது. வெளியூரிலிருந்து வரும் உறவினர் எங்கு இறங்குகிறார் என்பதை அவரிடமே கேட்டுக்கொண்டு புறப்படுவது நலம்.

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு. பாலங்களின் வழியாகவே அங்குச் செல்ல இயலும். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டுச் சென்னைப் புறவழிச்சாலைக்குச் சென்றுவிட்டால் நெடுந்தொலைவு சுற்ற நேரும். அவ்வேளையில் எதிர்த்திசையில் திரும்பி வர எண்ணுவதே பெரும் ஆபத்து. சுற்றினால் சில நிமிடங்களே கூடும். காவிரிப் பாலத்தில் 2022 செப்டம்பர் முதல் 2023 மார்ச் வரை சீரமைப்புப் பணி நடந்தபோது போக்குவரத்து மாற்றுவழிகளில் திருப்பிவிடப்பட்டதை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். வைகுண்ட ஏகாதசி, சித்திரைத் தேர் ஆகிய நாள்களிலும் வழிகள் மாறும். திரை ஒன்று சொல்லி, சாலையில் நிற்கும் காவலர் வேறொன்று சொன்னால், காவலர் சொல்வதே வழி.

இன்னொன்றும் உண்டு. கைபேசி தன் இருப்பிடத்தை அறியக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பலைகள் வேண்டும். திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியத்துடன் அது இடத்தைக் காட்டும். உயர்ந்த மதில்களும் கட்டடங்களும் நெருங்கிய தெருக்களில் அலைகள் மோதித் திரும்புவதால், அடுத்த தெருவில் நிற்பதாகக் காட்டக்கூடும். அப்போது திரையை உற்று நோக்குவதைவிட, ஓரமாக நிறுத்திக் கடைக்காரரைக் கேட்பதே விரைவு.

புறப்படுமுன் ஐந்து நிமிடம்

வண்டியைக் கிளப்புமுன் சேருமிடத்தை உள்ளிட்டு, வழி முழுவதையும் ஒருமுறை பாருங்கள். எந்தப் பாலம், எந்தச் சிக்னல், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற மூன்று நான்கு அடையாளங்களை மனத்தில் இருத்துங்கள். தலைமைத் தபால் நிலையம், மெயின்கார்டு கேட், மாம்பழச்சாலை போன்ற பெயர்களை நினைவில் வைத்தவருக்குத் திரை அதிகம் தேவைப்படாது.

கூகுள் வரைபடத்தில் 2017 முதல் இருசக்கர வாகனத்திற்கெனத் தனி வழிமுறை உள்ளது. தமிழிலும் குரல்வழி கேட்கலாம். அவ்விரண்டையும் முன்பே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைக்காத ஊர்களிலிருந்து வருவோர், வீட்டிலேயே வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனையின் பெயரைச் சேமிப்பதோடு நில்லாமல், அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலையும் தனியே குறித்துச் சேமியுங்கள். பெரிய வளாகத்தில் இரவு வேளையில் எல்லா வாயில்களும் திறந்திரா.

கைபேசியைத் தாங்கியில் பொருத்துவோர் கவனிக்க: ஆற்றல்மிகு மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன்களின் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2021-இல் அறிவித்தது. சிறிய ஸ்கூட்டர்களிலும் அதிர்வைத் தணிக்கும் தாங்கியே ஏற்றது. சித்திரை, வைகாசி வெயிலில் சூடேறிய கைபேசியின் திரை மங்கும். சில வேளைகளில் கைபேசி செயலற்றும் போகும். மழையில் நனைந்த திரை விரலுக்கு இசையாது. இவ்விரு காலங்களிலும் மனத்தில் இருத்திய வழியே கைகொடுக்கும்.

சாலையில்

பின்னிருக்கையில் ஒருவர் இருந்தால் கைபேசி அவர் கையில் இருக்கட்டும். அவரே வழி சொல்லட்டும். தனியே செல்வோர் குரலை மட்டும் கேளுங்கள். இரு செவிகளையும் அடைத்து ஒலிக்கருவி அணிந்தால், பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலியும் கேளாது. ஐயம் எழுந்தால் இடப்புறம் ஒதுங்கி, வண்டியை முழுமையாக நிறுத்திய பின்னரே திரையைத் தொடுங்கள். வார்டிலிருந்து அழைப்பு வந்தாலும் அவ்வாறே. அழைப்பவர்களும் "வண்டியில் இருக்கிறாயா? நிறுத்திவிட்டுப் பேசு" என்று முதலில் கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னிருப்பவருக்கும் சட்டப்படி கட்டாயம்.

யார் ஓட்டக்கூடாது

மயக்க மருந்து பெற்றவர் 24 மணி நேரத்திற்கு வண்டி ஓட்டலாகாது. கண் பரிசோதனைக்காகப் பாவையை விரியச் செய்யும் சொட்டு மருந்து இட்டுக்கொண்டவருக்குச் சில மணி நேரம் பார்வை மங்கும். வெயிலில் கண் கூசும். சளி, ஒவ்வாமை ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் உறக்கம் தருபவை. இன்சுலின் எடுத்துக்கொள்வோர் உணவைத் தவிர்த்துவிட்டு ஓட்டலாகாது. இவற்றைப் பற்றி உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ தயங்காமல் கேளுங்கள். நோயாளியுடன் இரவு முழுவதும் விழித்திருந்தவர், புறப்படுமுன் இருபது நிமிடமாவது கண்ணயர்வது நல்லது. இயலாவிடில் ஆட்டோவிலோ பேருந்திலோ செல்லலாம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென ஒரு பக்கம் கை கால் செயலிழத்தல் ஆகிய அறிகுறிகள் உள்ளவரை இருசக்கர வாகனத்தில் ஏற்றி வர வேண்டாம். 108-ஐ அழையுங்கள், சிகிச்சை ஆம்புலன்ஸிலேயே தொடங்கிவிடும்.

விபத்து நேர்ந்தால்

காயமுற்றவரைத் தூக்கி உட்காரவைப்பதோ, அவசரமாகத் தலைக்கவசத்தைக் கழற்றுவதோ கழுத்து எலும்புக்குத் தீங்காகலாம். மூச்சு தடைபட்டாலொழிய அசைக்காமல் 108-ஐ அழைப்பதே சரி. உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. அவர் தம் பெயரைக் கூற வேண்டும் என்ற கட்டாயமில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டில் சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

வழிகாட்டும் கைபேசி இங்கும் உதவும். அதன் பூட்டுத்திரையில் 'அவசரத் தகவல்' பகுதி உள்ளது. இரத்தப் பிரிவு, ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள், அழைக்க வேண்டிய உறவினரின் எண் ஆகியவற்றை அதில் இன்றே பதிவு செய்யுங்கள். கடவுச்சொல் அறியாத மருத்துவப் பணியாளரும் அவற்றைப் பார்க்க இயலும்.

நோயுற்றவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார் என்பது உண்மையே. பத்து நிமிடம் தாமதமானால் அவர் சற்றுச் சலித்துக்கொள்வார்; நீங்கள் நலமாக வந்து சேர்ந்ததும் அச்சலிப்பு நீங்கிவிடும். வழியை நிறுத்திப் பாருங்கள்; ஓடும் வண்டியில் கேளுங்கள்; கண்களைச் சாலைக்கே கொடுங்கள்.