ஔவையார் ஆணா, பெண்ணா?

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் நிம்மதியாகத் தூங்கியவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்ப்போம்! ஏ.ஸி. ரூம்கள் மாப்பிள்ளை வீட்டாருக்கு. பெண் வீட்டுக்காரர்களான எங்களுக்கு ஹாலில் ஜமக்காளம், அதில் ஏற்கெனவே குடியிருந்த கொசுக்கள், பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த தாம்பூலப் பைகள். தேங்காய் போட வேண்டியது மட்டும் ஐந்நூறு பை பாக்கி.

"எல்லாரும் செல்போனை இதுல போடுங்க" என்று ஒரு பிளாஸ்டிக் வாளியை நடுவில் வைத்தார் பெரியப்பா. வயது எண்பத்திரண்டு. போஸ்ட் ஆபீஸில் ரிடையர் ஆனவர். சினிமா, நாடகம் என்றால் மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறார்!

ஆட்டம் சுலபம். பெரியப்பா ஒரு நடிகரை மனசில் நினைத்துக்கொள்வார். மூன்று குறிப்பு சொல்வார். முதல் குறிப்பிலேயே கண்டுபிடித்தால் நூறு ரூபாய். இரண்டாவதில் ஐம்பது. மூன்றாவதில் பத்து. தப்பாகச் சொன்னவர் இருபத்தைந்து பைக்குத் தேங்காய் போட வேண்டும். (கிழவர் எவ்வளவு விவரம் பாருங்கள்!)

கொஞ்சம் தள்ளி, தூண் ஓரமாக அத்தை பூக் கட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் சொந்தத் தங்கை. ஊரில் இருக்கும் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்ததில் மனஸ்தாபம். பதினோரு வருஷமாக ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஒரே பந்தியில் உட்கார்ந்தால்கூட "ரசம் வேணுமான்னு அவர்ட்ட கேளு" என்று மூன்றாவது ஆள் மூலமாகத்தான்.

"முதல் குறிப்பு. நாடகக் கம்பெனிப் பையன். 1936-ல 'சதிலீலாவதி'ங்கற படத்துல சினிமாவுக்கு வந்தார்."

"தங்கவேலு!" என்று கத்தினான் சித்தப்பா மகன்.

"எடு தேங்காயை!"

அவன் மேல் தப்பில்லை. தங்கவேலுவுக்கும் அதுதான் முதல் படம். டி.எஸ்.பாலையாவுக்கும் அதுதான். என்.எஸ்.கிருஷ்ணனும் அதில் உண்டு. வாசன் எழுதிய கதை. டைரக்ட் செய்தவர் தமிழே தெரியாத அமெரிக்கர், எல்லிஸ் ஆர். டங்கன். இத்தனை பேர் ஒரே வாசல் வழியாக வந்ததால், அந்தப் படத்தின் பெயர் ஒரு குறிப்பே இல்லை, பொறி!

"ரெண்டாவது. அதுல போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம். மூணாவது, கதாநாயகனாக 1947-ல 'ராஜகுமாரி' வர்ற வரைக்கும் பதினோரு வருஷம் காத்திருந்தார்."

எம்.ஜி.ஆர்! பத்து ரூபாய் என் மனைவிக்குப் போனது.

அடுத்தது சிவாஜி. 'பெற்றவர்கள் வைத்த பேர் வேற, பெரியார் கொடுத்த பேர் வேற' என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம். ஐந்து முதல்வர்களுடன் நடித்தவர் என்றதும் கல்லூரியில் படிக்கும் பெண்கூட 'ஆச்சி மனோரமா' என்று சொல்லி நூறைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அண்ணா, கலைஞருடன் மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவுடன் சினிமாவில். அந்தப் 'பள்ளத்தூர் பாப்பா'வுக்கு இதைவிட நல்ல குறிப்பு யாரால் தர முடியும்?

"ஒரே வசனத்துல ரெண்டு குரல். பாதி கீச்சுக் குரல், பாதி கட்டைக் குரல்" என்றார் அடுத்து. நான் துள்ளிக் குதித்தேன். "எம்.ஆர்.ராதா!" அவர் மேடையில் வருஷக்கணக்கில் போட்ட நாடகம்தானே 1954-ல் 'ரத்தக்கண்ணீர்' படமானது! நூறு ரூபாய் என் சட்டைப் பையில்.

அந்தத் தெம்புதான் என்னைக் கவிழ்த்தது.

"ஔவையார் வேஷத்துல பேர் வாங்கினவர்..."

"கே.பி.சுந்தராம்பாள்! 1953, ஜெமினி படம்!" குறிப்பு முடியும் முன்பே முந்திக்கொண்டேன்.

பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே இருபத்தைந்து தேங்காய் தெரிந்தது.

"நீ சினிமாவுக்குப் போயிட்டே. நான் நாடகத்துல நிக்கறேன். அந்த வேஷம் அவர் பேருக்கு முன்னாலயே ஒட்டிக்கிச்சே!"

அவ்வை டி.கே.சண்முகம்! மீசை முளைக்கிற ஆண்பிள்ளை. கூன் போட்ட கிழவியாக வந்து நின்றால், 'இது ஆம்பிளை' என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னாலும் நம்ப முடியாதாம். பெரியப்பா சின்னப் பையனாகத் தரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கமல்ஹாசன் சிறு வயதில் அந்த டி.கே.எஸ். சபாவில்தான் இருந்தார். 1996-ல் அவர் கிழவி வேஷம் கட்டிய படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்ததும் சும்மா இல்லை.

"சரி, அப்ப நந்தனார் வேஷம் போட்டது யாரு? 1935."

இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை. நந்தனார் ஆண். ஆகவே நடித்ததும் ஆண் என்று நினைத்தால் மறுபடியும் தேங்காய்! அந்த நந்தனார்தான் கே.பி.சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அந்தக் காலத்தில், சார்!

ஆம்பிளை ஔவையாராகிறார், பொம்பளை நந்தனாராகிறார். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள்தான் எல்லாம். இன்றைக்கு ராஜா, நாளைக்கு ராணி. சிவாஜியே ஆரம்பத்தில் ஸ்த்ரீபார்ட் போட்டவர்தான். அதனால் நாடகத்திலிருந்து வந்தவர்களைப் பற்றி ஆணா பெண்ணா, ஹீரோவா வில்லனா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் பிடி கிடைக்காது. "எந்தப் படம் ஓடிச்சுன்னு சொல்றது குறிப்பு இல்லடா, அது விடை" என்பார் பெரியப்பா. எனக்கு அது சரியென்றே படுகிறது.

மணி பதினொன்று. "கடைசிக் கேள்வி. எங்கப்பா எங்களைக் கேட்டது" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊர் செங்கோட்டை. தமிழ்ல பேசும் படம் வந்தது 1931. அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் உயிரோட இருந்தார். ஒரு படத்துலயும் நடிக்கல. இருபத்தேழு வயசுல போயிட்டார். குரல் மட்டும் இசைத்தட்டுல இருக்கு."

மூன்று குறிப்பையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டார். சத்தமே இல்லை. என் மச்சினன் நைசாக வாளியிலிருந்து போனை எடுத்து 'படத்தில் நடிக்காத நடிகர்' என்று தட்டினான். மார்க்கெட் போன நடிகர்களின் பட்டியல் நீளமாக வந்தது!

தூண் பக்கமிருந்து குரல் வந்தது.

"டேய் கண்ணா, எஸ்.ஜி.கிட்டப்பான்னு உங்க தாத்தாகிட்ட சொல்லு."

பெரியப்பாவின் பேரன் திரும்பி, "எஸ்.ஜி.கிட்டப்பாவாம்" என்றான், ஹாலில் யாருக்கும் காது கேட்காத மாதிரி.

"கரெக்டுன்னு சொல்லு" என்றார் பெரியப்பா.

"கொடுமுடின்னு ஒரு குறிப்பு உண்டே, அதை ஏன் விட்டார்னு கேளு. அப்பா அதையும் சொல்லுவார்."

கொடுமுடி, சுந்தராம்பாளின் ஊர். மேடையில் கிட்டப்பாவோடு ஜோடியாகப் பாடி, அவரையே கல்யாணம் செய்துகொண்டவர். 1933-ல் கிட்டப்பா போனதும் வெள்ளைப் புடவைக்கு மாறி, மேடையையும் விட்டு ஒதுங்கினார். சினிமாவுக்குக் கூப்பிட்டவர்களைத் தட்டிக் கழிக்கத்தான் அந்த ஒரு லட்சத்தைக் கேட்டார் என்றும், அவர்கள் 'சரி' என்று விட்டார்கள் என்றும் சொல்வார்கள். தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது கிட்டப்பா மாதிரி ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுவாராம். வாலிபத்தில் நேரில் கேட்டவர். அத்தை பூவைக் கீழே வைத்துவிட்டு இதையெல்லாம் சொன்னார். பேரனுக்குத்தான் சொன்னார், ஆனால் கொஞ்ச நேரத்தில் அவன் அங்கே இல்லை, தூங்கிப் போயிருந்தான்.

"கொடுமுடின்னா சுந்தராம்பாள் ஞாபகம் வந்து இவங்களுக்கும் தெரிஞ்சுடும். அதான் விட்டேன்" என்றார் பெரியப்பா. இடையில் ஆள் இல்லை. நேராக அத்தையைப் பார்த்து.

நூறு ரூபாயை நீட்டினார்.

"அப்பா பெப்பர்மிண்ட்தானே தருவார்?" என்றார் அத்தை.

ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பெப்பர்மிண்ட் வாங்க என்னை அனுப்பினார்கள். மூன்று தெரு சுற்றினேன். ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. திரும்பி வந்தபோது என் பங்குத் தேங்காய்களை அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கிடைச்சுதாடா?" என்றார் பெரியப்பா.