வால்பாறையில் வௌவால் எங்கே இரை தேடுகிறது?

இடுப்பளவுக்குக் கவாத்து செய்த தேயிலைச் செடிகள், நடுநடுவே கிளை கழித்த சில்வர் ஓக் மரங்கள், சரிவின் அடியில் ஓர் ஓடை, எதிர்ச்சரிவில் துண்டாக மிஞ்சிய சோலைக்காடு. வால்பாறையில் பல எஸ்டேட்டுகளில் நின்று பார்த்தால் காட்சி ஏறத்தாழ இதுதான். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. பொழுது சாய்ந்தபின் இரை தேடிக் கிளம்பும் வௌவால்களுக்கு அப்படியல்ல. சில இனங்கள் தேயிலைக்கு மேலே பறந்து பூச்சி பிடிக்கும். சில அந்தப் பக்கம் தலைகாட்டுவதே அரிது.

பூச்சி எங்கே அதிகம் என்பது மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. வௌவாலின் சிறகுக்கும் குரலுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

நீண்டு குறுகிய சிறகு வேகத்துக்கு ஏற்றது. வெட்டவெளியில் விரைந்து பறக்கலாம். மரக்கூட்டத்துக்குள் சட்டென்று திரும்ப முடியாது. குட்டையான அகலச் சிறகு இதற்கு நேர்மாறு. மெதுவாகத்தான் பறக்கும், ஆனால் கிளைகளுக்கு இடையே லாவகமாக வளைந்து நெளியும்.

குரலுக்கு லாட வௌவாலைப் பார்க்கலாம். அதன் மூக்கின் மேல் குதிரை லாட வடிவில் ஒரு தோல் மடிப்பு இருக்கும். வாயை மூடிக்கொண்டு மூக்கின் வழியாகவே ஒலி எழுப்பும். மனிதக் காதுக்கு எட்டுவது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் லாட வௌவால் ஒன்றின் குரலோ ஏறத்தாழ 80 கிலோஹெர்ட்ஸ். ஒரே சுருதியில் நீளும் அந்தக் குரல் இலையில் பட்டால் எதிரொலி சீராகத் திரும்பும். அந்துப்பூச்சியில் பட்டால், அதன் ஒவ்வொரு சிறகடிப்பும் எதிரொலியில் ஒரு துடிப்பாகத் தெரியும். கும்மிருட்டில், இலைக்கூட்டத்துக்கு நடுவே பூச்சியைப் பிரித்தறிய அது போதும். கிளையில் தொங்கியபடி காத்திருந்து, பாய்ந்து பிடித்து, மறுபடி கிளைக்கே திரும்புவதும் உண்டு. ஆனால் இவ்வளவு உச்சமான ஒலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும். தொலைவில் இருப்பது தெரியாது. தொங்கக் கிளையும் இல்லாமல், எதிரொலியும் எட்டாமல் கிடக்கும் தேயிலைச் சரிவு இதற்குச் சரிப்படாது.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேர் வேர்ட்லியும், வால்பாறையில் நெடுங்காலமாக மழைக்காட்டை மீட்டுவரும் திவ்யா முத்தப்பா உள்ளிட்டோரும் இதைக் களத்தில் ஆராய்ந்தார்கள். வலை விரித்துப் பிடித்தும், இரவில் நடந்து குரல்களைப் பதிவு செய்தும் கணக்கெடுத்தார்கள். முடிவுகள் 2017இல் வெளியாயின. எத்தனை இனம் என்பதோடு, எத்தனை விதமான உடலமைப்பும் இரைத்தேடலும் அங்கே தாக்குப்பிடிக்கின்றன என்றும் பார்த்தார்கள். அந்த வகையில், துண்டுச் சோலைகளும் நிழல் மரங்களின் கீழ் வளரும் காப்பித் தோட்டங்களும் பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு நிகராக நின்றன. தேயிலைத் தோட்டம் வெகுவாகப் பின்தங்கியது. பழந்தின்னிகள், உருவில் பெரியவை, அகலச் சிறகுள்ளவை, ஒரே சுருதியில் குரல் எழுப்புபவை ஆகியவைதான் தீவிர விவசாயத்தால் அதிகம் அடிபடுபவை.

தேயிலைக்குள்ளேயே ஒரு விதிவிலக்கும் இருந்தது. ஆற்றின் இரு கரையிலும் காட்டு மரங்களை விட்டுவைத்த இடங்களில் இந்த இழப்பு பெருமளவு ஈடுகட்டப்பட்டிருந்தது. கரை வரை தேயிலை நட்ட இடங்களில் அப்படி இல்லை.

வௌவால் வருவதால் விவசாயிக்கு என்ன ஆதாயம்? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மக்காச்சோள வயலின் சில பகுதிகளை இரவில் மட்டும் வலையிட்டு மூடிப் பார்த்தார்கள். பகலில் வலையை விலக்கிவிட்டதால் பறவைகளுக்குத் தடையில்லை. வௌவாலுக்கு மட்டும்தான் கதவடைப்பு. அங்கே கதிர்ப்புழுக்கள் ஏறத்தாழ 60 சதவீதம் பெருகின. அதோடு கதிரில் பூஞ்சையும் கூடியது. 2015இல் வெளியான ஆய்வு இது.

ஆக, எஸ்டேட்டுகள் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஆற்றோரம் சில வரிசைத் தேயிலையை விட்டுக்கொடுத்து, நாட்டு மரங்களை வளரவிடலாம். காப்பிக்கு நிழல் தரும் பழைய மரங்களை வெட்டிவிட்டு, மிளகுக் கொடி ஏற்ற வசதி என்று சில்வர் ஓக்கை மட்டுமே வரிசைகட்டி நடுவதைத் தவிர்க்கலாம். தேயிலைக்கு மேலே நாலு வௌவால் பறக்கிறதே என்று திருப்தியடைந்துவிடக் கூடாது. மரம் இல்லாவிட்டாலும் அவை பிழைத்துக்கொள்ளும். மரத்தை நம்பி வாழ்பவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை.